பின்னர் பெயர் குறிப்பிடப்படும் ஆட்டக்காரர்

தன்னை வேறு அணிக்குக் கொடுத்துவிட்டார்கள் என்ற செய்தியை ஆம்புரோஸ் கெல்லர் இறைச்சிக் கடையில் நின்றுகொண்டு தெரிந்துகொண்டான். ஜனவரி மாதச் சனிக்கிழமை. கையில் முப்பத்தொன்றாம் எண் டோக்கன். கடைக்காரர் ஹெர்ப் பன்றித் தொடையை மெல்லிசாகச் சீவிக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலிருந்த வானொலி சோள விலையைச் சொன்னது, ஓஹையோ ஆற்றில் தண்ணீர் ஏறுவதைச் சொன்னது, பிறகு அதே குரலில் இதையும் சொன்னது:

"லூயிவில் நரிகள் அணி தன் கேட்சர் ஆம்புரோஸ் கெல்லரைப் பஃபலோ மரங்கொத்திகள் அணிக்கு அளித்துள்ளது. பதிலுக்கு லூயிவிலுக்கு, பின்னர் பெயர் குறிப்பிடப்படும் ஓர் ஆட்டக்காரர் வருவார்."

பேஸ்பால் உலகில் இது வழக்கம்தான். ஒருவனை இன்றைக்கே அனுப்பிவிடுவார்கள். அவனுக்கு ஈடாக யாரை வாங்கிக்கொள்வது என்பதை ஆறு மாதத்துக்குள் சாவகாசமாக யோசித்துச் சொல்வார்கள்.

ஹெர்ப்பின் கத்தி நின்றது. "ஆம்புரோஸ், பஃபலோவாமே?"

"எனக்கும் இப்பத்தான் தெரியும்."

"ஹாம் வழக்கம்போல அரை பவுண்டா? இல்ல, வழிப் பயணத்துக்குச் சேத்துப் போடட்டுமா?"

வரிசையில் பின்னால் நின்ற அம்மாள் எட்டிப் பார்த்தாள். "உனக்குப் பதிலா யாரு வர்றாங்களாம்?"

"இன்னும் பேர் சொல்லலையாம்."

"ஐயோ பாவம், இன்னும் பொறக்கவே இல்லையோ என்னமோ."

ஆம்புரோஸ் அரை பவுண்டு ஹாமை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். முப்பத்து மூன்று வயது. பன்னிரண்டு வருடமாக மட்டையடிப்பவனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்து பிடித்ததில் முழங்கால் இரண்டும் படியேறும்போது பேசும். ஆனால் அன்று அவனை வருத்தியது முழங்கால் அல்ல, சாப்பாட்டு மேஜை.

அது அவன் மனைவி லூசிலின் அம்மா கல்யாணத்துக்குக் கொடுத்த ஓக் மர மேஜை. நாலு காலையும் திருகிக் கழற்றினால்தான் எந்த வாசலிலும் நுழையும். ஒன்பது வருடத்தில் ஐந்து ஊர். ஐந்து முறை கழற்றி ஐந்து முறை பூட்டியதில் துளைகள் தேய்ந்து, ஒரு கால் ஆடத் தொடங்கிவிட்டது. போன செப்டம்பரில் அந்தக் காலுக்கு அடியில் தீப்பெட்டி அட்டையை மடித்துச் செருகும்போது ஆம்புரோஸ் சொன்னான், "இதுதான் கடைசி, லூசில். இனி இதைக் கழட்ட மாட்டோம்." அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அவள் பார்ட்ஸ்டவுன் சாலை வீட்டின் முன்னறையில் மூன்று நாற்காலி போட்டு முடி திருத்தும் கடை திறந்தாள்.

அவன் உள்ளே நுழைந்தபோது அவள் ஒரு வாடிக்கையாளரின் தலையை அலசிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"ரேடியோல கேட்டேன். மிஸஸ் ஓபர்ஸ்ட் தலை நுரையா இருக்கு. இதை முடிச்சிட்டுத்தான் அழணும்."

"லூசில்..."

"போக மாட்டேன்னு சொல்ல முடியாதா?"

"இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல."

"சொன்னா என்ன ஆகும்?"

"அதான் சொல்றேனே, யாரும் சொன்னதில்ல. எனக்கெப்படித் தெரியும்?"

நுரைக்குள்ளிருந்து மிஸஸ் ஓபர்ஸ்ட், "அப்ப நீதான் சொல்லிப் பாரேன்டா, அத்தனை பெரிய உடம்பை வச்சிக்கிட்டு!" என்றாள்.

திங்கட்கிழமை அவன் அணியின் பொது மேலாளர் மிஸ்டர் விக்கர்ஸைப் பார்க்கப் போனான். விக்கர்ஸின் அறைச் சுவரில் ஆட்டக்காரர்களின் படங்கள் வரிசையாக இருக்கும். மேலே பித்தளை எழுத்தில் 'நம் குடும்பம்' என்று பொறித்திருக்கும். படங்களை ஆணியில் அடிக்காமல், எளிதாக உருவி எடுக்கும்படி மரச் சட்டத்தில் செருகியிருந்தார்கள். ஆம்புரோஸ் இருந்த இடம் காலியாக இருந்தது. அங்கே ஒரு துண்டுக் காகிதத்தில் 'பின்னர்' என்று எழுதியிருந்தது.

"வா தம்பி, உக்காரு," என்றார் விக்கர்ஸ். கண் கலங்கியிருந்தது. கைக்குட்டையும் தயாராக இருந்தது. "உன்னை அனுப்பறதுல எனக்கு எவ்வளவு வலின்னு உனக்குத் தெரியாது. பெத்த பிள்ளை மாதிரி நெனச்சேன்."

"அப்ப அனுப்பாதீங்க சார்."

"பெத்த பிள்ளையா இருந்தா அனுப்ப முடியாதே. அதனாலதான் மாதிரின்னு சொன்னேன்."

"என் ஒப்பந்தம் ஒரு வருஷத்துக்குத்தான் சார். அது அக்டோபர்ல முடிஞ்சிடுச்சே?"

"முடிஞ்சிடுச்சு. பதினோராம் பிரிவுப்படி நாங்க அதை இன்னொரு வருஷத்துக்கு நீட்டிக்கலாம். உன் கையெழுத்துகூட வேண்டாம். உனக்குச் சிரமம் வேண்டாமேன்னுதான் அப்படி வச்சிருக்கோம்."

"அந்த வருஷமும் முடிஞ்சா?"

"அந்த வருஷத்துலயும் பதினோராம் பிரிவு இருக்குதே."

"அதுக்கு அப்புறம்?"

"அப்புறமும் ஒரு வருஷம்தான். ஒரே ஒரு வருஷம். அதுக்கு மேல ஒரு நாள்கூட உன்னைக் கட்டிப்போட நாங்க என்ன கொடுமைக்காரங்களா?"

ஆம்புரோஸ் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். "அப்ப இது எப்பத்தான் முடியும் சார்?"

விக்கர்ஸ் நேர்மையான மனிதர். யோசித்தார். "நீ செத்துட்டா முடியும்னு நெனைக்கிறேன். எதுக்கும் வக்கீலைக் கேட்டுச் சொல்றேன்."

ஆம்புரோஸ் லீக்கின் ஆணையருக்கு முறையீடு எழுதினான். ஒரு வாரத்தில் பதில் வந்தது: முறையீட்டில் ஆட்டக்காரரின் அணி ஒப்பமிட வேண்டும். லூயிவிலைக் கேட்டான். "நீதான் இப்ப எங்காளு இல்லையே," என்றார்கள். பஃபலோவுக்குத் தொலைபேசினான். "பதிலுக்கு யாருன்னு பேர் சொல்ற வரைக்கும் பேரம் முடியல. அதுவரைக்கும் கையெழுத்துப் போட முடியாது. ஆனா பிப்ரவரி பத்தாம் தேதி பயிற்சிக்கு வந்துரணும்," என்றார்கள். ஆணையிட இரண்டு அணி இருந்தது, ஒப்பமிட ஒன்றுகூட இல்லை.

கடைசியில் ஆணையர் அலுவலகச் செயலாளர் அம்மாள் ஒருத்தி அவன்மேல் இரக்கப்பட்டாள். "அணி ஒப்பம் இல்லாம நாங்க வாங்கிக்கற படிவம் ஒண்ணே ஒண்ணுதாங்க இருக்கு. மைதானத்துல காணாமப் போன பொருளைப் பத்தினது. கையுறை, தொப்பி, அந்த மாதிரி. அதுல எழுதி அனுப்புங்க, நான் சேத்து விட்டுடறேன்."

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து இருவரும் அதை நிரப்பினார்கள். பொருள்: கேட்சர். நிறம்: செம்பட்டை முடி. கடைசியாகக் காணப்பட்ட இடம்: லூயிவில்.

"அடையாளம் ஏதாவதுன்னு கேட்டிருக்கு," என்றான் ஆம்புரோஸ்.

"பிடிவாதம்னு எழுது," என்றாள் லூசில்.

விசாரணை மார்ச் மாதம் சின்சினாட்டியில் ஒரு ஹோட்டலின் நடன மண்டபத்தில் நடந்தது. ஆணையர் ஜெனரல் ஹாலோவே ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். பன்னிரண்டு அணிகளின் உரிமையாளர்கள் கூடி அவரை நியமித்திருந்தார்கள். பன்னிரண்டு பேரும் நினைத்தால் அவரை நீக்கலாம். எனவே அவர் எந்தப் பக்கமும் சாயாதவர் என்று பன்னிரண்டு பேரும் ஒருமனதாகச் சொன்னார்கள்.

முதலில் எல்லோரும் நெஞ்சில் கைவைத்து தேசிய கீதம் பாடினார்கள். பிறகு, காலமான நடுவர்களுக்காக ஒரு நிமிட மௌனம். பிறகு ஜெனரல் மேடையிலிருந்து புதுப் பந்து ஒன்றை வீசி விசாரணையைத் தொடங்கி வைத்தார். பந்து தண்ணீர்க் கூஜாவில் பட்டது. கைதட்டினார்கள்.

முதலில் பேசியவர் பஃபலோவின் உரிமையாளர். தொத்திறைச்சித் தொழிலில் பெரும்புள்ளி. "இந்தக் கெல்லரை நான் பாத்ததே இல்ல. இதுல யாரு கெல்லர்? ஆ, நீங்களா? வணக்கம். ஜென்டில்மென், இவரு என் உயிர்! இவரை விட்டுட்டு என்னால ஒரு நாள் இருக்க முடியாது."

அடுத்து எழுந்தவருக்கு ஓர் அணியும் அறுபது பந்தயக் குதிரைகளும் சொந்தம். "ஆட்டக்காரங்களை நாங்க சொத்து மாதிரி நடத்தறோம்னு பத்திரிகையில எழுதறாங்க. அபாண்டம்! என் குதிரைகளுக்கு நான் என்ன செய்யறேனோ, அதே பாசத்தோடதான் ஆட்டக்காரங்களுக்கும் செய்யறேன். என் குதிரை எதுவும் இதுவரைக்கும் முறையீடு பண்ணதில்ல."

மூன்றாமவர் நா தழுதழுக்கப் பேசினார். "போன மாசம் என் சமையல்காரி பக்கத்து வீட்டுக்கு வேலைக்குப் போயிட்டா. பதினெட்டு வருஷம் எங்க வீட்டுல இருந்தவ. 'அவங்க வீட்டுச் சமையலறைல ஜன்னல் இருக்கு'ன்னு சொல்லிட்டுப் போயிட்டா. என்னால ஒண்ணும் பண்ண முடியல. ஏன்? அவகிட்ட பதினோராம் பிரிவு இல்ல! இந்த நாட்டுல சமையலுக்கு வந்த கதி பேஸ்பாலுக்கும் வரணுமா?"

மண்டபத்தில் பலர் மூக்கைச் சிந்தினார்கள்.

ஏழாவது பேச்சாளர் முடித்ததும், மைதானத்தில் ஏழாவது சுற்றின் நடுவே ரசிகர்கள் செய்வதைப் போலவே எல்லோரும் எழுந்து கைகாலை நீட்டி முறித்தார்கள். வேர்க்கடலை வந்தது. ஆம்புரோஸும் பழக்கதோஷத்தில் எழுந்து சோம்பல் முறித்தான்.

சாட்சியாக லூசிலைக் கூப்பிட்டார்கள். விக்கர்ஸ்தான் கேள்வி கேட்டார்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் ஆட்டத்தை நேசிக்கிறாரா?"

"ஆமாங்க. கையைப் பாருங்க. நாலு விரல் ஒடைஞ்சு கோணலா இருக்கு."

"அப்படிப்பட்டவர் எந்த ஊர்ல ஆடினா என்ன?"

"எனக்கும் அதே சந்தேகம்தாங்க. எந்த ஊர்ல ஆடினாலும் ஒண்ணுன்னா, அவரு லூயிவில்லயே ஆடட்டுமே? உங்களுக்கு மட்டும் ஏன் அவரு பஃபலோல ஆடணும்?"

விக்கர்ஸ் தன் குறிப்புகளைப் புரட்டினார். பிறகு சாட்சி போகலாம் என்றார்.

கடைசியில் ஆம்புரோஸிடம் என்ன வேண்டும் என்று ஜெனரல் கேட்டார். அவன் தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டு எழுந்தான். "பெருசா ஒண்ணுமில்ல சார். ஹெர்ப் கடைல ஹாம் வெட்டறவன் வேலை பிடிக்கலேன்னா 'நான் வரல'ன்னு சொல்லிடறான். அவனை விசாரிக்க யாரும் நடன மண்டபம் வாடகைக்கு எடுக்கறதில்ல. எனக்கும் வருஷம் முடிஞ்சதும் ஒரு தடவை அப்படிச் சொல்ற உரிமை வேணும். சொல்லிட்டு, திரும்பவும் உங்ககிட்டயே வந்தாலும் வருவேன். ஆனா கேட்டுட்டுக் கூப்பிடணும்."

உரிமையாளர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தொத்திறைச்சிக்காரர் பக்கத்திலிருந்தவரிடம், "இவனுக்கு என்னதான் வேணுமாம்?" என்று கிசுகிசுத்தார்.

மதிய உணவுக்குப் பிறகு தீர்ப்பு. தட்டச்சு செய்த ஒன்பது பக்கத்திலும் முந்தின வாரத்துத் தேதி இருந்தது. ஜெனரலின் குரல் கணீரென்று ஒலித்தது.

"பேஸ்பால் ஒரு வியாபாரம் அல்ல. ஆகவே வியாபாரத்துக்கான எந்தச் சட்டமும் அதைக் கட்டுப்படுத்தாது. லூயிவில் அணி கெல்லரைப் பஃபலோவுக்குக் கைமாற்றியது நேர்மையான வியாபாரம். ஆகவே அது செல்லும். ஆட்டக்காரர்கள் அநாதைகளாக நிற்பார்களோ என்று யாரும் அஞ்ச வேண்டாம். நம் ஏழாம் எண் படிவம் இருக்கிறது. பேரம் நிறைவேறும் நாளில், விட்டுச் செல்பவர் ஒப்பமிட்டதும் பழைய அணியின் உரிமை முடிகிறது. வந்து சேர்பவர் ஒப்பமிட்டதும் புதிய அணியின் உரிமை தொடங்குகிறது. அறுபது ஆண்டுகளாக ஒருவரும் ஒப்பமிட மறுத்ததில்லை. இதைவிடச் சுதந்திரம் வேறென்ன வேண்டும்?"

பஃபலோவுக்குப் போகலாம், அல்லது ஆடாமலே வீட்டில் இருக்கலாம். ஆம்புரோஸ் வீட்டில் இருந்தான்.

ஏப்ரலில் ஆட்டங்கள் தொடங்கின. அவன் லூசிலின் கடையில் துவாலை துவைத்தான், மடித்தான், தரையில் விழுந்த முடியைப் பெருக்கினான். அந்தக் கோணல் விரல்களால் முடிச்சுருளைகளைச் சுற்றக் கற்றுக்கொண்டபோது மிஸஸ் ஓபர்ஸ்ட் தன் தலையைத் துணிந்து கொடுத்தாள். பெட்ரோல் பங்கில் எவனாவது சீண்டுவான்.

"என்ன ஆம்புரோஸ், நன்றி கெட்டவன்னு பேப்பர்ல போட்டிருக்கானே, படிச்சியா?"

"படிச்சேன். படம் நல்லா விழுந்திருக்கு."

வானொலியில் ஆட்டம் ஓடும்போது மட்டும் அவன் பின்கட்டுக்குப் போய்விடுவான். துவாலைகளுக்கு நடுவே நின்றபடி, பந்து வீசுபவனுக்குக் கேட்சர் காட்டும் விரல் சைகைகளை அவன் கை தன்னாலே காட்டிக்கொண்டிருக்கும். லூசில் கதவருகில் நின்று பார்ப்பாள். அந்தச் சைகைகளில் சிலதை அவர்கள் தங்களுக்கென்று வைத்திருந்தார்கள். விருந்து வீடுகளில் முழங்காலில் இரண்டு விரல் வைத்தால், "சலிச்சுப் போச்சு, கிளம்பலாம்" என்று அர்த்தம்.

"போகணுமா ஆம்புரோஸ்?" என்று ஒருநாள் கேட்டாள். "எனக்குக் கொடுத்த சொல்லுக்காக நீ உள்ளுக்குள்ள சாகாதே. மேஜையை இன்னொரு தடவை கழட்டிக்கலாம்."

"கழட்டலாம். ஆனா எவனோ சொன்னான்னு கழட்ட மாட்டேன்."

இதற்குள் நரிகள் அணிக்குக் கெட்ட காலம் பிடித்தது. புதுக் கேட்சருக்குக் கட்டைவிரல் முறிந்தது. அவனுக்கு மாற்றாக வந்தவனுக்குப் பொன்னுக்குவீங்கி. மூன்றாவதாக ஒருவனைப் பிடித்துப் போட்டார்கள். பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்வான். தொடர்ந்து பதினொரு தோல்வி.

ஜூன் மாதம் ஒரு காலையில் விக்கர்ஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு லூசிலின் கடைக்குள் வந்தார். இரண்டு நாற்காலியில் ஆள் இருந்தது. காலியாக இருந்தது முடி உலர்த்தும் நாற்காலி மட்டும்தான். அந்தத் தகரக் குடைக்குக் கீழே உட்கார்ந்தபடி அவர் முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார்:

"தம்பி, எல்லாம் நல்லபடியா முடிஞ்சிடுச்சு! பஃபலோகிட்ட பேசிட்டோம். உனக்குப் பதிலா எங்களுக்கு ஒரு ஆளைத் தரணும் இல்லையா? பின்னாடி பேர் சொல்றோம்னாங்களே? சொல்லிட்டாங்க. தந்தி வந்திருச்சு."

"யாராம்?"

"நீதான்!"

கடையில் கத்தரிக்கோல் சத்தம் நின்றது.

"எனக்குப் பதிலா என்னையேவா?"

"பவுண்டுக்குப் பவுண்டு சரிசமம். லீக் வரலாத்துலயே இவ்வளவு நியாயமான பேரம் நடந்ததில்லன்னு ஜெனரலே சொல்லிட்டாரு. சனிக்கிழமை மைதானத்துல விழா. நீ வீட்டை விட்டு நகரவே வேண்டாம். ஆசைப்பட்டது கிடைச்சிடுச்சா? இதுக்குப் போய் எத்தனை ஆர்ப்பாட்டம்!"

"பதினோராம் பிரிவு?"

"அது பாட்டுக்கு அது இருக்கும். அடுத்த வருஷம் உன்னை எங்க அனுப்பணுமோ, அப்ப பாத்துக்கலாம்."

விக்கர்ஸ் போனதும் லூசில் சீப்பைக் கீழே வைத்தாள். வீடு இருக்கிறது, கடை இருக்கிறது, கணவனுக்கு ஆட்டமும் திரும்பக் கிடைக்கிறது. ஆனால் மகிழ்ச்சி மட்டும் வரவில்லை. ஏனென்று அவளுக்கும் தெரிந்தது, அவனுக்கும் தெரிந்தது. இருவரும் உள்ளறையில் தெரிந்த சாப்பாட்டு மேஜையைப் பார்த்தார்கள்.

சனிக்கிழமை பிற்பகல் மைதானத்தின் நடுவில் பூப்போட்ட விரிப்பு போர்த்திய சிறு மேஜை. பித்தளை வாத்தியக் குழு. ஜெனரல் நேரில் வந்திருந்தார். வழக்கப்படி விட்டுச் செல்பவரும் வந்து சேர்பவரும் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். புகைப்படக்காரர் திணறினார். கடைசியில் ஆம்புரோஸை அவன் வலது கையால் அவன் இடது கையையே குலுக்கச் சொன்னார். "கொஞ்சம் சிரிங்க. ரெண்டு பேரும்," என்றார்.

பஃபலோவின் தந்தியை ஜெனரல் உரக்க வாசித்தார். கெல்லரின் மேல் தங்களுக்கு இனி எந்த உரிமையும் இல்லை என்று அதில் தெளிவாக இருந்தது. பிறகு ஏழாம் எண் படிவத்தை விரித்தார்கள்.

ஆம்புரோஸ் பேனாவை எடுத்தான். பன்னிரண்டு வருடத்தில் யாரும் அவன் கையெழுத்துக்காக இவ்வளவு ஆவலாகக் குனிந்து நின்றதில்லை. முதல் கட்டத்தில், 'லூயிவில் அணியை விட்டுச் செல்பவர்' என்ற இடத்தில், நிதானமாக ஒப்பமிட்டான். பிறகு பேனாவை மூடினான்.

"கீழயும் போடு தம்பி," என்றார் விக்கர்ஸ்.

"கீழ 'வந்து சேர்பவர்'னு போட்டிருக்கு சார். அதை அவருதானே போடணும்?"

"யாரு?"

"வந்து சேர்றவரு."

"அது நீதானப்பா!"

"நான் விட்டுப் போறவன் சார், இப்பத்தானே உங்க கண் முன்னாடி கையெழுத்துப் போட்டேன். அவரைப் பத்தி எனக்குத் தெரிஞ்சதெல்லாம், அவருக்கும் ஒரு பொண்டாட்டி இருப்பா, ஒரு மேஜை இருக்கும். கேட்டுட்டுக் கூப்பிட்டா வருவாருன்னு நெனைக்கிறேன். அந்தப் பதினோராம் பிரிவை அடிச்சிட்டீங்கன்னா, நானே அவர்கிட்ட பேசிப் பாக்கறேன்."

விக்கர்ஸின் முகம் தக்காளியாயிற்று. "பதினோராம் பிரிவை எடுத்தா பேஸ்பால் செத்துப்போகும்!"

"அப்ப சரி சார். அவரு வரலைன்னு சொல்லச் சொன்னாரு."

ஜெனரல் தன் தீர்ப்பின் ஒன்பது பக்கத்தையும் புரட்டிக்கொண்டிருந்தார். பஃபலோ தந்தியில் கைகழுவிவிட்டது. லூயிவிலின் உரிமை முதல் கட்டத்தில் முடிந்துவிட்டது. இரண்டாம் கட்டம் வெறுமையாக இருந்தது. யாருக்கும் சொந்தமில்லாத ஓர் ஆட்டக்காரன் சட்டப்படி அவர் முன்னால் நின்றுகொண்டிருந்தான். அப்படி ஒன்றை அவர் அதுவரை பார்த்ததில்லை. வாத்தியக் குழுவும் என்ன செய்வதென்று தெரியாமல் தேசிய கீதத்தை இரண்டாவது முறை தொடங்கியது. எல்லோரும் எழுந்து நெஞ்சில் கைவைத்தார்கள்.

முதல் வரிசையில் லூசிலும் எழுந்து நின்றாள். வலது கை நெஞ்சில் இருந்தது. இடது கை, கைப்பைக்கு மேலே, இரண்டு விரலை நீட்டியிருந்தது.

கீதம் முடியும்வரை மரியாதையாக நின்றுவிட்டு, ஆம்புரோஸ் பார்வையாளர்கள் போகும் சுழற்கதவு வழியாக அவளோடு வெளியே போனான்.

அதன் பிறகு லீக் ஏழாம் எண் படிவத்தில் 'மேற்கண்ட இருவரும் ஒருவரே எனில்' என்று மூன்றாவது கட்டத்தைச் சேர்த்தது. பன்னிரண்டு அணிகளும் தங்களுக்குக் கேட்சர் தேவையில்லை என்று தனித்தனியாக முடிவெடுத்து, தனித்தனியாக ஆம்புரோஸுக்குக் கடிதம் எழுதின. பன்னிரண்டிலும் ஒரே இடத்தில் ஒரே எழுத்துப்பிழை. ஆம்புரோஸ் ஞாயிறுதோறும் பூசைக்குப் பிறகு தேவாலய அணிக்குப் பந்து பிடித்தான். அங்கே பந்து வீசியவர் ஹெர்ப். அவர் வீசும் பந்து ஹாமைப் போலவே மெதுவாகத்தான் வரும். உள்ளுக்குள் அவனுக்கு வலிக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

அக்டோபரில் ஒரு காலை அவன் சாப்பாட்டு மேஜையைக் கவிழ்த்துப் போட்டு, துளைகளில் மரப்பசையைத் தாராளமாக ஊற்றி, நாலு காலையும் இறுக்கினான். பசை இறுகும்வரை ஆடும் காலைக் கையால் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான்.

"இனி இது எந்த வாசல்லயும் நுழையாது," என்றாள் லூசில்.

"நுழைய வேண்டாம்."

அழைப்பு மணி அடித்தது. தபால்காரர் லீக்கின் முத்திரையோடு ஒரு பதிவுத் தபாலை நீட்டினார். லூயிவில் நரிகள் அணி, பதினோராம் பிரிவின்படி, தன் ஆட்டக்காரரின் ஒப்பந்தத்தை மேலும் ஒரு வருடத்துக்கு நீட்டித்திருப்பதாக உறையின் மேலேயே அச்சிட்டிருந்தது. முகவரியில் 'வந்து சேர்பவர், பார்ட்ஸ்டவுன் சாலை' என்று இருந்தது.

"இங்க ஒரு கையெழுத்து வேணும் ஆம்புரோஸ்."

ஆம்புரோஸ் மேஜைக் காலை விடவில்லை. இருந்த இடத்திலிருந்தே சொன்னான்:

"அவர் இன்னும் வந்து சேரலையே."